பனிக்கட்டியில் கிடைக்கும் பிடி

மெத்தென்ற பனியில் மிதக்கும் பலகை இறுகிய சரிவில் காலை வாரிவிடும். ஸ்கீ வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வண்ணத்தை அல்ல, விளிம்பை.

ஆரிஃப் கான் வளர்ந்த இடத்தில் பனி என்றால் பஞ்சு. காஷ்மீரின் குல்மார்கில் நல்ல ஜனவரி மாதம் ஒன்றில் கால் வைத்தால் முழங்கால் வரை புதையும். அங்கே தந்தை நடத்திய ஸ்கீ சாமான் கடையின் நிழலில், நான்கு வயதில் அவர் சறுக்கத் தொடங்கினார். 2022 பிப்ரவரியில் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸுக்கு இந்தியா அனுப்பிய ஒரே வீரர் அவர்தான். ஆனால் அந்த வாய்ப்பை அவருக்கு வாங்கித் தந்தது குல்மார்கின் பஞ்சு அல்ல. ஒரு தகுதியை அவர் பெற்றது துபாயில், கூரைக்கு அடியில் இயந்திரம் தயாரித்த பனியில். இன்னொன்றை மாண்டினீக்ரோவில். ஒலிம்பிக் போட்டி நடந்த யான்சிங் மலையிலும் ஏறத்தாழ எல்லாமே இயந்திரப் பனிதான். பிப்ரவரி 13ஆம் தேதி நடந்த ஜயன்ட் ஸ்லாலம் போட்டியில் அவருக்கு 45ஆவது இடம். மூன்று நாள் கழித்து நடந்த ஸ்லாலம் போட்டியில் முதல் ஓட்டத்தையே அவரால் முடிக்க முடியவில்லை.

இரண்டு போட்டிகளும் ஒரே மலையில்தான் நடந்தன. ஆனால் காலில் மாட்டும் ஸ்கீ ஒன்றல்ல. ஆண்களுக்கான ஜயன்ட் ஸ்லாலத்துக்கு விதிப்படி ஆளைவிட உயரமான, 193 செ.மீ. பலகை வேண்டும். கொடிக்கம்பங்கள் நெருக்கமாக நடப்பட்டிருக்கும் ஸ்லாலத்துக்கு 165 செ.மீ. போதும். குல்மார்கின் புதுப்பனியில் சுற்றுலாப் பயணிகள் வாடகைக்கு எடுப்பது இவை இரண்டையும்விட அகலமான மூன்றாவது ரகம். ஸ்கீ என்பது ஒரே கருவி என்ற எண்ணம் கடைக்குள் நுழைந்த உடனேயே உடைந்துவிடுகிறது.

வீரர்களுக்கு மட்டுமான பிரச்னை அல்ல இது. குல்மார்கிலோ, உத்தராகண்டின் ஆலியிலோ, மணாலி அருகே சோலாங்கிலோ இரண்டு குளிர்காலம் பழகிவிட்டு ஆல்ப்ஸ் மலைக்குப் போகும் இந்தியர்கள் இருக்கிறார்கள். வேலை நிமித்தம் மியூனிக்கிலோ ஜூரிக்கிலோ குடியேறி, நண்பர்களோடு வார இறுதியில் மலையேறும் சென்னைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் இருக்கிறார்கள். இவர்கள் முதன்முதலில் சந்திக்கும் அதிர்ச்சி ஒன்றுதான்: படத்தில் வெள்ளையாக, மிருதுவாகத் தெரிந்த சரிவு, காலையில் போய் நின்றால் மொசைக் தரை போல இருக்கிறது. பலகை பக்கவாட்டில் சரசரவென்று வழுக்குகிறது. பிடிமானம் இல்லை. பழைய இடத்தில் சிங்கமாக இருந்தவர் இங்கே சரிவின் ஓரத்தில் உட்கார்ந்துவிடுகிறார்.

பஞ்சு பாறையாவது எப்படி?

அப்போதுதான் விழுந்த உலர்ந்த பனியில் பெரும்பகுதி காற்று. ஒரு கன மீட்டர் எடுத்து நிறுத்தால் 50 முதல் 100 கிலோதான் இருக்கும். முழுப் பனிக்கட்டி என்றால் அதே அளவு 917 கிலோ. ஸ்கீ மையங்களில் ஒவ்வொரு இரவும் சங்கிலிச் சக்கர வண்டிகள் சரிவில் ஏறி இறங்குகின்றன. பின்னால் சுழலும் பற்கள் பனியைக் கிளறி உடைக்கின்றன. அதற்கும் பின்னால் இழுபடும் சீப்பு அதை அழுத்தி வரிவரியாகப் படிய வைக்கிறது. உடைந்த துகள்கள் இரவுக் குளிரில் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுகின்றன. காலையில் முதலில் வருபவருக்குக் கிடைப்பது கோலம் போட்டது போன்ற சீரான, கெட்டியான தளம்.

இதோடு வேறு இரண்டு காரணங்களும் சேருகின்றன. பகலில் வெயிலில் இளகி இரவில் உறைவது ஒன்று. பத்து மணிக்குப் பத்து பேர் சறுக்கிப் போனதும் மேலே இருந்த மெல்லிய பொடி ஓரத்துக்கு ஒதுங்கி, அடியில் இருக்கும் பளபளப்பு வெளியே வந்துவிடும். மற்றது இயந்திரப் பனி. வானத்திலிருந்து விழும் ஆறு கைப் பூ அல்ல அது. பீய்ச்சப்பட்ட நீர்த்துளி அப்படியே உறைந்த குட்டி உருண்டை. உருண்டைகள் நெருக்கமாக அடுங்கும். அதனால் தளம் இன்னும் கெட்டி. குளிர்கால ஒலிம்பிக்ஸில் முதன்முதலாக இயந்திரப் பனியைப் பயன்படுத்தியது 1980இல், அமெரிக்காவின் லேக் பிளாசிடில். அன்று அது இயற்கைக்கு உதவியாக வந்தது. 42 ஆண்டுகள் கழித்து பெய்ஜிங்கில் அதுவே முழுச் சாப்பாடு ஆகிவிட்டது. உலகக் கோப்பைச் சரிவுகளில் நிலைமை இன்னும் தீவிரம்: பனிக்குள் தண்ணீரை ஊசி போடுவது போலச் செலுத்தி, வேண்டுமென்றே பனிக்கட்டியாக்குகிறார்கள். முதலில் இறங்குபவருக்கும் கடைசியில் இறங்குபவருக்கும் தளம் ஒரே மாதிரி இருக்க வேண்டுமே!

இப்படிப்பட்ட தளத்தில் உடல் எடை முழுவதையும் தாங்குவது பலகையின் அடிப்பாகம் அல்ல. அதன் ஓரத்தில் ஓடும் மெல்லிய எஃகுப் பட்டை. அது பனிக்கட்டியில் கீறி இறங்கினால் திருப்பம். இறங்கவில்லை என்றால் விழுப்பம்.

இடுப்பு வந்த கதை

1980களின் ஸ்கீயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு மீட்டருக்கும் மேல் நீளம், ஏறத்தாழ நேரான பக்கங்கள். திரும்ப வேண்டுமானால் பலகையின் வாலைத் தள்ளி, பனியைச் சீய்த்துக்கொண்டு திரும்ப வேண்டும். விளிம்பால் மட்டும் கீறிக்கொண்டு ஒரே கோட்டில் வளைவது தேர்ந்தவர்களின் வித்தை.

அதை மாற்றியவர்கள் ஸ்லோவேனியாவின் பெகுன்யே என்ற சிற்றூரில் இருக்கும் ஏலான் நிறுவனத்தின் பொறியாளர்கள் யூரி ஃபிராங்கோவும் பாவெல் ஷ்கோஃபிச்சும். லேக் பிளாசிடில் இரண்டு தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர் இங்கமார் ஸ்டென்மார்க் பயன்படுத்தியது இந்த நிறுவனத்தின் ஸ்கீயைத்தான். பலகையின் நடுப்பகுதியை ஒடுக்கி, முனையையும் வாலையும் அகலமாக்கினால் என்ன ஆகும் என்று இருவரும் 1990களின் தொடக்கத்தில் பரிசோதித்தார்கள். அவர்களின் மாதிரிப் பலகையில் முனை 110 மி.மீ., இடுப்பு 63 மி.மீ., வால் 105 மி.மீ. அதாவது பக்கத்துக்கு 22 மி.மீ. உள்வளைவு, அந்தக் காலத்து ஸ்கீயைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. 1993இல் எஸ்சிஎக்ஸ் என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது.

விஷயம் எளிமையானது. உடுக்கை போல இடை சிறுத்த பலகையைப் பக்கவாட்டில் சாய்த்தால் முதலில் முனையும் வாலும்தான் பனியைத் தொடும். நடுவில் ஆள் நின்று அழுத்தினால் பலகை வில்லாக வளையும். வளைந்த விளிம்பு எந்தப் பாதையில் இருக்கிறதோ அந்தப் பாதையில் ஸ்கீ ஓடும். தள்ள வேண்டாம், சீய்க்க வேண்டாம். சாய்த்தால் போதும்.

பழைய தலைமுறை முதலில் சிரித்தது. 1996இல் அமெரிக்காவின் இளையோர் போட்டி ஒன்றில் 18 வயது போடி மில்லர், சுற்றுலாப் பயணிகளுக்கென்று விற்ற இடை சிறுத்த ஸ்கீயை மாட்டிக்கொண்டு வந்து ஜெயித்த பிறகு சிரிப்பு நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் நேரான ஸ்கீ அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. இன்று கடையில் இருப்பவை எல்லாமே ஏதோ ஓர் அளவில் இடை சிறுத்தவைதான். எனவே கடைக்காரர் 'இது கார்விங் ஸ்கீ' என்று சொல்வதில் தகவல் எதுவும் இல்லை. எவ்வளவு இடை, எவ்வளவு விறைப்பு என்பதுதான் கேள்வி.

மூன்று எண்கள்

பதில் பலகையின் மேலேயே இருக்கிறது. 120-68-104 என்பது போல மூன்று எண்கள் அச்சாகியிருக்கும். முனை, இடுப்பு, வால் ஆகியவற்றின் அகலம், மி.மீ. கணக்கில். பக்கத்தில் நீளமும், ஆரம் என்று ஓர் எண்ணும் இருக்கும்.

இறுகிய சரிவுக்கு முதலில் பார்க்க வேண்டியது நடு எண்ணை. 65 முதல் 72 வரை இருந்தால் பனிக்கட்டிக்கென்றே செய்தது. 75 அல்லது 78 வரை சமாளிக்கலாம். 90ஐத் தாண்டினால் அது ஆழமான புதுப்பனியில் மிதக்கச் செய்தது. காரணம் சாதாரண நெம்புகோல் கணக்கு. 68 மி.மீ. பலகையில் விளிம்பு பாதத்தின் மையத்திலிருந்து 34 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. 100 மி.மீ. பலகையில் 50 மி.மீ. தூரத்தில். மெத்தென்ற பனியில் பலகை அமிழ்ந்து, அடிப்பாகம் முழுவதும் எடையைத் தாங்குவதால் இந்த வித்தியாசம் தெரியாது. பனிக்கட்டியில் ஒற்றை விளிம்பில் நிற்கும்போது, தரை அந்த விளிம்பை மேலே தள்ளிப் பலகையைத் தட்டையாக்கப் பார்க்கும். விளிம்பு தள்ளி இருக்க இருக்க அந்த நெம்புதல் அதிகம். அதை எதிர்த்து நிற்க வேண்டியது கணுக்காலும் முழங்காலும். மாலையில் முழங்கால் வலிக்கிறது என்று புலம்புபவர்களில் சிலருக்கு வயது காரணமல்ல, அகலம் காரணம்.

அடுத்தது ஆரம். பலகையின் பக்க வளைவை முழு வட்டமாக நீட்டினால் அந்த வட்டத்தின் ஆரம் எவ்வளவு என்பதே இந்த எண். 12 அல்லது 13 மீட்டர் என்றால் ஸ்லாலம் ரகம்: குறுகலான சரிவிலும், கூட்டத்துக்கு நடுவிலும் சட்சட்டென்று திரும்பும். 16 முதல் 19 மீட்டர் என்றால் நீண்ட, வேகமான வளைவுகளுக்கு. சாய்க்கச் சாய்க்க வளைவு இறுகும். 12 மீட்டர் பலகையை 60 பாகை சாய்த்தால் கணக்குப்படி 6 மீட்டர் ஆரத்தில் திரும்பும். அவ்வளவு சாய்க்கப் பெரும்பாலானவர்களுக்குப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும் என்பது வேறு விஷயம். விடுமுறை நாளில் நெரிசலான சரிவில் இறங்குபவருக்கு 13 முதல் 16 மீட்டர் வரையிலானது சௌகரியம். வேகம் பிடிக்காமலேயே அது திரும்பும்.

நீளத்தைப் பற்றிய பழைய பெருமை இப்போது செல்லாது. கையைத் தூக்கினால் மணிக்கட்டு வரை வர வேண்டும் என்பது நேரான ஸ்கீ காலத்துச் சட்டம். இப்போது ஸ்லாலம் ரகம் தாடைக்கும் மூக்குக்கும் இடையில் நின்றால் போதும். நீண்ட வளைவு ரகம் நெற்றி வரை. உயரத்தைவிட எடை முக்கியம். 55 கிலோ பெண்ணும் 90 கிலோ ஆணும் ஒரே உயரம் என்பதற்காக ஒரே பலகையை வாங்கக் கூடாது. ஒருவரால் வளைக்க முடியாத வில் அவருக்கு வில் அல்ல, கழி.

முறுக்கினால் தெரியும்

எண்களில் தெரியாதது விறைப்பு. அதில் இரண்டு வகை. நீளவாக்கில் வளைவது ஒன்று; ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கினால் முறுங்குவது இன்னொன்று. பனிக்கட்டியில் முக்கியமானது இரண்டாவது. முறுக்குக்கு இளகிக் கொடுக்கும் பலகையில், காலுக்கு அடியில் விளிம்பு பிடித்தாலும் முனை விலகித் தட்டையாகிவிடும். ஆள் சரியாகச் சாய்ந்திருப்பார். பலகையின் பாதி சாய்ந்திருக்காது. வழுக்கல் தொடங்குவது அங்கேதான்.

இதற்குத்தான் நல்ல ஸ்கீயில் மர உள்ளீட்டின் மேலும் கீழும் உலோகத் தகடு வைக்கிறார்கள். விளம்பரத்தில் அதன் பெயர் டைட்டனல். டைட்டானியம் என்று நினைத்துப் பெருமையாகப் பணம் கொடுப்பவர்கள் உண்டு. அது ஆஸ்திரியாவில் தயாராகும் உறுதியான அலுமினியக் கலவை. தரத்தில் குறை ஒன்றும் இல்லை, பெயரில்தான் மயக்கம். கேட்க வேண்டிய கேள்வி: தகடு ஒன்றா, இரண்டா? முனையிலிருந்து வால் வரை போகிறதா, காலடியில் மட்டும் ஒரு துண்டா? அதேபோல, பக்கச் சுவர் செங்குத்தாக நின்றால் அழுத்தம் நேராக விளிம்புக்கு இறங்கும். மேற்பரப்பு தொப்பி போல மடிந்து விளிம்பு வரை வருவது பெரும்பாலும் மலிவான, மென்மையான ரகம்.

பலகையைத் தரையில் வைத்துப் பார்ப்பதும் நல்லது. பனிக்கட்டிக்கானது நடுவில் மேலெழும்பி, முனையிலும் வாலிலும் மட்டும் தரையைத் தொடும். அந்த வில்தான் ஆள் ஏறி நின்றதும் முனைகளைப் பனியில் அழுத்துகிறது. முனை வெகுதூரம் மேல்நோக்கி வளைந்திருந்தால் அது புதுப்பனிக்கு. கெட்டித் தரையில் அந்த நீளம் முழுவதும் சும்மா காற்றில் ஆடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அப்படியானால் பந்தய வீரர்கள் போடுவதையே கொடுங்கள்' என்று கேட்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். ஒரே பெயரில், ஒரே வண்ணத்தில் இரண்டு பலகைகள் விற்கப்படுகின்றன. ஒன்று சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் விதிப்படி செய்த உண்மையான பந்தயப் பலகை. மற்றது அதன் சாயலில் பொதுமக்களுக்குச் செய்தது. முதலாவது வேகமும் பலமும் இல்லாதவரிடம் மசியாது. ஜயன்ட் ஸ்லாலம் பந்தயப் பலகையின் ஆரம் 30 மீட்டர். பொதுச் சரிவில் அதை வளைக்கும் வேகத்தில் போனால் காவலர் பிடித்து அனுமதிச் சீட்டைப் பறிப்பார். நடுத்தரத் திறமை உள்ளவருக்கு இரண்டாவது ரகமே சரி. அதிலும் இரண்டு மாதிரிகள் இருந்தால், தயக்கம் உள்ளவர் மென்மையானதைத் தேர்ந்தெடுப்பதில் அவமானம் எதுவும் இல்லை.

அரமும் சாணையும்

இத்தனை பார்த்து வாங்கியதும் மழுங்கிய விளிம்போடு இருந்தால் எல்லாம் வீண். சுமாரான பலகையும் கூரிய விளிம்பும் சேர்ந்தால், அருமையான பலகையும் மழுங்கிய விளிம்பும் சேர்ந்ததைத் தோற்கடிக்கும். வாங்குபவர்கள் மிகவும் அலட்சியப்படுத்துவது இதைத்தான்.

எஃகு விளிம்புக்கு இரண்டு முகங்கள். பக்கவாட்டு முகத்தைச் செங்குத்தாக, 90 பாகையில் விடாமல் 88 அல்லது 87 பாகைக்குச் சீவினால் கூர்மை கூடும். பனிக்கட்டிக்கு 87 நல்லது. அடிமுகத்தை அரை முதல் ஒரு பாகை வரை மேலே தூக்கி விடுவார்கள். தூக்காவிட்டால் நேராகப் போகும்போதே விளிம்பு தேவையில்லாமல் மாட்டி ஆளைக் கவிழ்க்கும். அதிகம் தூக்கிவிட்டால் எவ்வளவு சாய்த்தாலும் விளிம்பு தாமதமாகத்தான் பிடிக்கும். பக்கவாட்டில் தவறினால் மறுபடி அரம் போட்டுச் சரிசெய்யலாம். அடிமுகத்தில் தவறினால் அடிப்பாகம் முழுவதையும் தேய்த்து எடுத்தால்தான் வழி. எனவே அடிமுகம் கடைக்காரர் வேலை. பக்கவாட்டு முகம் வீட்டு வேலை.

வீட்டு வேலை பெரிதல்ல. கோணம் பிசகாமல் பிடிக்கும் ஒரு சட்டம், ஓர் அரம், ஒரு வைரச் சாணைக் கல். கெட்டிச் சரிவில் ஒரு நாள் ஓடினாலே விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு எழும். மாலையில் கல்லால் நாலு இழுப்பு இழுத்தால் அது போய்விடும். கல்லில் மோதிய இடத்தில் எஃகு கெட்டிப்பட்டிருக்கும். அங்கே அரம் வழுக்கும், முதலில் சாணைக் கல்தான் போட வேண்டும். வேலை முடிந்ததும் துணியால் துடைத்து ஈரம் போக்க வேண்டும். ஈரத்தோடு பையில் போட்டு வைத்தால் காலையில் துரு. கூர்மையைச் சோதிக்க மலைக்காரர்களிடம் பழைய வழி ஒன்று இருக்கிறது: விளிம்பின் குறுக்கே நகத்தை இழுத்தால் வெள்ளைத் துகள் சீவி வர வேண்டும். வரவில்லை என்றால் நாளை வழுக்கும்.

புதிதாக வாங்கியதையும் நம்பிவிடக் கூடாது. நேரான இரும்பு அளவுகோல் ஒன்றை அடிப்பாகத்தின் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கு தெரியும். நடுவில் மேடாக இருந்தால் பலகை தறிகெட்டு அலையும். ஓரங்கள் உயர்ந்திருந்தால் திருப்பவே முடியாது. பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரர் இதைச் சரிசெய்து தர வேண்டும். வாடகைப் பலகைகளில் பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவான சுமாரான கோணம்தான் இருக்கும். காலையில் வாங்கும்போதே 'பனிக்கட்டிக்குத் தீட்டிக் கொடுங்கள்' என்று கேட்பவருக்கு மாலை வரை நிம்மதி.

முழங்காலின் விலை

பிடி கூடினால் ஆபத்தும் கூடும். சீய்த்துத் திரும்பும் பலகை தவறு செய்தால் வழுக்கும். கூரிய, இடை சிறுத்த பலகை தவறான நொடியில் பிடித்துக்கொண்டால் பலகை ஒரு பக்கம் போகும், உடல் வேறு பக்கம் போகும். நடுவில் மாட்டிக்கொள்வது முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார்.

உலகக் கோப்பை நிர்வாகிகளே இதற்கு அஞ்சி 2012-13 பருவத்தில் ஆண்களின் ஜயன்ட் ஸ்லாலம் பலகையின் ஆரத்தை 27 மீட்டரிலிருந்து 35 ஆக உயர்த்தினார்கள். நேரான பலகை என்றால் பிடி குறைவு, காயம் குறைவு என்பது கணக்கு. அமெரிக்க வீரர் டெட் லிகெட்டி விளையாட்டைப் பின்னோக்கி இழுக்கிறார்கள் என்று கடுமையாக எதிர்த்தார். பிறகு அதே பலகையில் சோல்டனில் நடந்த பருவத்தின் முதல் போட்டியை 2.75 வினாடி வித்தியாசத்தில் வென்றார். நூறில் ஒரு பங்கு வினாடிக்கு அடித்துக்கொள்ளும் விளையாட்டில் அது ஒரு யுகம். 2017-18இல் ஆரம் 30 மீட்டருக்கு இறங்கி வந்தது.

சாதாரண மனிதருக்கு இதில் உள்ள பாடம்: பலகையோடு பைண்டிங்கையும் கவனிக்க வேண்டும். விழும்போது பூட்ஸைக் கழற்றிவிடும் அந்தப் பொறியை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், திறமை ஆகியவற்றை வைத்துத் தொழில் தெரிந்தவர் அமைக்க வேண்டும். 'இறுக்கமாக வையுங்கள், கழன்றுவிடப் போகிறது' என்று சொல்வது வீரம் அல்ல. சரியாக அமைத்தாலும் கால் எலும்பை அது காப்பாற்றும் அளவுக்கு ஏசிஎல்லைக் காப்பாற்றாது. மீதியைப் பார்த்துக்கொள்ள வேண்டியது வேகக் கட்டுப்பாடும் தொடைத் தசையும்தான்.

பூட்ஸ் அதைவிட முக்கியம். பாதம் அரை அங்குலம் உள்ளே ஆடினால் விளிம்புக்குக் கட்டளை போய்ச் சேராது. இரண்டு சைஸ் பெரிய பூட்ஸும் விலை உயர்ந்த ஸ்கீயும், தளர்ந்த ஸ்டியரிங்கும் புது டயரும் போல. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் பூட்ஸை வாங்கி, பலகையை வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். பந்தயச் சாயல் கொண்ட ஸ்கீ பைண்டிங்கோடு சேர்த்து ஐரோப்பியக் கடைகளில் ஆயிரம் யூரோவைத் தொடுவது சாதாரணம். ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய். மூன்று ரகங்களை ஆளுக்கொரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, பருவ முடிவில் தள்ளுபடிக்கு வரும் போன ஆண்டுப் பலகையை வாங்கினால் நிறம் மட்டும்தான் பழசு.

வீட்டு வாசலிலும் பனிக்கட்டி

இந்திய வீரர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினமானது. ஒரு ஸ்லாலம் ஜோடி, ஒரு ஜயன்ட் ஸ்லாலம் ஜோடி, பயிற்சிக்கு வேறு, தீட்டும் சாமான், ஐரோப்பாவில் மாதக்கணக்கில் தங்கும் செலவு. 2011இல் ஆலியில் நடந்த தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளில் இரண்டு தங்கம் வென்ற ஆரிஃப் கானுக்கு 2018 ஒலிம்பிக்ஸ் வாய்ப்பு கைநழுவியது பணப் பற்றாக்குறையால். பஞ்சுப் பனியில் எவ்வளவு ஓடினாலும் போட்டி நடப்பது பனிக்கட்டியில். அந்தக் கெட்டித் தளத்தைத் தேடித்தான் அவர் நாடு நாடாக அலைய வேண்டியிருந்தது.

ஆனால் பனிக்கட்டி இப்போது வீடு தேடி வரத் தொடங்கியிருக்கிறது. 2024 ஜனவரியில் குல்மார்க் வெறும் புல்தரையாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி இல்லாமல் தள்ளிப்போய், மார்ச் 9 முதல் 12 வரை நடந்தன. மார்ச் மாத வெயிலில் பகலில் இளகி இரவில் உறையும் சரிவு, காலை எட்டு மணிக்கு ஆல்ப்ஸ் சரிவைப் போலவே கெட்டியாக இருக்கும். அகலப் பலகையை மட்டுமே நம்பிப் பழகிய இளைஞர்களுக்கு அந்தக் காலை நேரம் தொந்தரவு. ஒடுங்கிய பலகையும் ஒரு சாணைக் கல்லும் கையில் இருப்பவருக்கு அது இலவசப் பயிற்சி.

ஐரோப்பாவின் மலையூர்களில் ஸ்கீ கற்கும் சிறுவர்கள் பலருக்கு, மாலையில் வீட்டுக்கு வந்ததும் விளிம்பைத் தீட்டித் துடைத்து வைப்பது வீட்டுப்பாடம் போன்றது. பள்ளத்தாக்கு முழுவதும் பனி இல்லாமல் போனாலும் மிச்சமிருக்கும் ஒரு பட்டைச் சரிவில் அவர்கள் ஓடுவார்கள். குல்மார்கிலும் ஆலியிலும் சிறுவர்களுக்கு முதல் ஸ்கீ வாங்கித் தரும் பெற்றோர் அதோடு ஓர் அரத்தையும் சாணைக் கல்லையும் சேர்த்து வாங்கலாம். மொத்தச் செலவில் அது மிகச் சிறிய பங்கு. பனி குறையக் குறைய அதிகம் வேலை செய்யப்போவதும் அதுதான்.